ஏழில் ஒரு பங்கும் பதின்மூன்று வயது எருமையும்

பக்ரீத் பங்குக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது என்று பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் நோட்டீஸ்கள் ஒட்டியாகிவிட்டன. கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. ‘மாட்டுப் பங்கு கர்நாடகத்தில் செல்லுமா?’, ‘சட்டப்படி தப்பில்லாமல் குர்பானி கூடுமா?’, ‘பீகாரில் அறுப்பார்களாம், பணம் கட்டலாமா?’ என்று ஏறக்குறைய எல்லாக் கடிதமும் பங்கைப் பற்றியே கேட்கிறது. இப்ராகிம் நபி மகனைப் பலியிடத் துணிந்ததும் ஆடு வந்து காத்ததும் ஊரறிந்த கதை. நேரே பங்குக்கு வருகிறேன். சிக்கல் முழுக்க அங்கேதான்.

ஆடு ஒருவருக்கு. மாடு, எருமை, ஒட்டகம் என்றால் ஏழு பேர்வரை சேரலாம். கூட்டுறவு ஏற்பாடுபோலத் தோன்றும் இந்தக் கணக்கை ஹனபி மத்ஹபின் (சட்ட மரபின்) நூல்கள் வகுத்திருக்கும் விதம் அசாத்தியமானது. ஏழுக்குக் குறைந்தால் பரவாயில்லை. எட்டாவது ஆள் சேர்ந்தால் எட்டுப் பேருடையதும் செல்லாது. அதைவிடக் கடுமையான விதி ஒன்று உண்டு. எழுவரில் ஒருவர் மட்டும் ‘எனக்குக் கறிதான் வேண்டும்’ என்ற எண்ணத்தில் சேர்ந்திருந்தால் மற்ற ஆறு பேரின் குர்பானியும் பாழ். உயிர் ஒன்று என்பதால் அதன் ஒரு பகுதியை வணக்கமாகவும் இன்னொரு பகுதியைச் சந்தைச் சரக்காகவும் அறுக்க முடியாது என்பது வாதம். குழந்தை பிறந்ததற்கான அகீகா பலி கொடுப்பவர் அதே மாட்டில் பங்கு சேரலாம், ஏனென்றால் அதுவும் வணக்கம். ஷாபி மத்ஹப் இவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை. அவரவர் நிய்யத் (எண்ணம்) அவரவருக்கு என்று விட்டுவிடுகிறது.

அறுத்த பிறகும் விவகாரம் முடிவதில்லை. ஏழு கூறும் தராசில் சமமாக நிற்க வேண்டும். கண்ணளவில் கூறு போட்டால் அது வட்டியின் வாசலைத் தொட்டுவிடுகிறது, ஏனென்றால் கறிக்குக் கறி மாற்றும்போது எடை கூடுவதும் குறைவதும் கூடாது. எழுவரும் ‘போகட்டும்’ என்று ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டாலும் தீராது. ஆனால் ஒரு கூறில் ஒரு கால், இன்னொன்றில் தலைக்கறி, வேறொன்றில் ஒரு துண்டுத் தோல் என்று வேறு பொருளைச் சேர்த்துவிட்டால் எடைக் கட்டாயம் தளர்ந்துவிடும். தராசில்லாத தெருவுக்கு இப்படி ஒரு வழி வைத்தவர் யாராக இருந்தாலும் கூறு போடும் இடத்தில் நின்று பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

இதே ஏழு என்ற எண்தான் 1958ல் உச்ச நீதிமன்றத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகத் திரும்பியது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசத்தின் பசுவதைத் தடைச் சட்டங்களை எதிர்த்துக் குரேஷி சமூகத்துக் கசாப்புக்காரர்கள் தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் தலைமையிலான ஐவர் அமர்வின் முன் மார்க்கம் அறிந்த ஒருவரின் பிரமாணப் பத்திரம்கூட வைக்கப்படவில்லை. நீதிபதிகள் புரட்டியது 18ஆம் நூற்றாண்டில் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்த ஹனபி சட்ட நூலான ‘ஹிதாயா’வை. ஒருவருக்கு ஓர் ஆடு, அல்லது எழுவருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ என்று அதில் இருந்தது. ‘அல்லது’ என்று இருப்பதால் மாடு கட்டாயமில்லை, எனவே தடை மத உரிமையை மீறவில்லை என்று தீர்ப்பானது. தீர்ப்பிலேயே இன்னொன்றும் உண்டு. ஏழு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாடு வாங்க முடியும், ஏழு ஆடு வாங்க முடியாமல் போகலாம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அது பொருளாதார நிர்ப்பந்தமே தவிர மத நிர்ப்பந்தம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிட்டது. ஏழைக்காக வைத்த சலுகையை, சலுகை என்பதாலேயே பறிக்கலாம் என்ற இந்தத் தர்க்கம் 1994ல் மேற்கு வங்க வழக்கிலும் நிலைத்தது.

1958 தீர்ப்பு விட்டுவைத்த ஒன்று, உழைப்புக்கு உதவாமல் போன காளையும் எருமையும். அவற்றையும் அறுக்கவே கூடாது என்பது நியாயமற்ற கட்டுப்பாடு என்று அது சொல்லியிருந்தது. 2005ல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு காளையைப் பொறுத்தவரை அதையும் மாற்றிவிட்டது.

பெங்களூருக்கு வருவோம். 1964ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டப்படி 12 வயது தாண்டிய காளை, எருது, எருமைக்குச் சான்றிதழோடு வழி இருந்தது. எடியூரப்பா அரசு கொண்டுவந்த சட்டம் 2021 ஜனவரியில் அவசரச் சட்டமாக நடைமுறைக்கு வந்தபோது மிஞ்சியது 13 வயது தாண்டிய எருமை மட்டும். அதற்குக் குறைந்த வயது எருமை இந்தச் சட்டத்தின் கணக்கில் பசுவோடு சேர்ந்துவிடும். மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரை அபராதம். ‘எருமையைத் தடை செய்யவில்லையே’ என்பது அன்றைய அரசின் பதில். 2023ல் ஆட்சி மாறியதும் கால்நடைத் துறை அமைச்சர் வெங்கடேஷ், எருமையை அறுக்கலாமென்றால் பசுவை ஏன் கூடாது என்று கேட்டுப் பெரும் கூச்சலைக் கிளப்பினார். கூச்சல் அடங்கியது, சட்டம் அப்படியே இருக்கிறது.

‘எருமையைத் தடை செய்யவில்லையே’ என்ற பதிலைச் சற்று உரசிப் பார்க்கலாம். குர்பானிக்கு மாட்டினத்தில் இரண்டு வயது நிறைந்தால் போதும். ஆனால் குறை இருக்கக் கூடாது: கண் போனது, அறுக்கும் இடம்வரை நடக்க மாட்டாத நொண்டி, எலும்புக்குள் சத்து வற்றிப்போன மெலிசு, தீனி மெல்லப் பல்லில்லாதது எல்லாம் தள்ளுபடி. இனி சட்டம் அனுமதிக்கும் உருப்படியை நினைத்துப் பாருங்கள். பால் வற்றிய எருமையை 13 வயதுவரை தீனி போட்டு வைத்திருக்கும் விவசாயி யார்? கிடாவை அத்தனை வருடம் கட்டி வைப்பவர் யார்? அப்படி ஒன்று கிடைத்தாலும் மார்க்கத்தின் குறைப்பட்டியலில் அது ஏதாவது ஒரு வரியில் சிக்கிக்கொள்ள நிறைய வாய்ப்புண்டு. சர்க்காருக்குக் கிழடாக இருக்க வேண்டும், ஷரீஅத்துக்குத் திடமாக இருக்க வேண்டும்.

வயதை எப்படிச் சொல்வார்கள்? பல்லைப் பார்த்துத்தான். சாமராஜ்பேட்டை ஈத்கா மைதானத்துச் சந்தையில் வியாபாரி ஆட்டின் கீழுதட்டை விரலால் இழுத்து ‘ரெண்டு பல்’ என்று காட்டுவார். முன்னால் பெரிதாக முளைத்த அந்த இரண்டும் ஒரு வயது தாண்டியதற்கு நல்ல அத்தாட்சி. எருமைக்கு எட்டுப் பல்லும் விழுந்து முளைத்து முடிய ஐந்தாறு வயதாகும். அதோடு பல் சொல்லும் கணக்கு முடிந்தது. பிறகு தேய்மானத்தை வைத்து மதிப்பிடுவதுதான். கல்லும் முள்ளும் மேய்ந்தது சீக்கிரம் தேயும், கொட்டிலில் நின்றது தாமதமாகத் தேயும். பன்னிரண்டரைக்கும் பதின்மூன்றரைக்கும் நடுவே கோடு கிழித்து ஒருவரை ஏழு வருடம் உள்ளே வைக்கும் அளவுக்கு எருமையின் வாயில் துல்லியம் கிடையாது.

அதனால்தான் பங்கு ஊரைவிட்டுப் போகிறது. இங்கே பணம் கட்டுங்கள், வேறு மாநிலத்தில் உங்கள் பெயரில் அறுத்து அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். மார்க்கப்படி இது கூடும். வேறொருவரை வக்கீலாக (பிரதிநிதியாக) நியமிக்க எல்லா மத்ஹபிலும் இடமுண்டு. எனக்கு உறுத்துவது வேறு. முன்பு ஏழு பேரும் ஒரே தெரு. யார் நிய்யத்தோடு வருகிறார், யார் கறிக்கு வருகிறார் என்று தெருவுக்கே தெரியும். இப்போது மற்ற ஆறு பேர் யார் என்று ரசீதில் இருக்காது. ஒருவர் எண்ணம் பிசகினால் எழுவருக்கும் போச்சு என்ற விதியை வைத்திருக்கும் ஹனபிகளிடமிருந்து இதைப் பற்றி ஒரு கேள்விகூட வராததுதான் ஆச்சரியம். கட்டுமுன் அறுக்கும் ஊர், நாள், உருப்படிக்கு எத்தனை பெயர் என்ற மூன்றையாவது எழுத்தில் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு ஆடுதான். சில ஆயிரத்தில் முடிந்த கடமை, ஈத்கா மைதானத்தில் பத்தாயிரத்துக்கு மேலேதான் பேச்சையே தொடங்குகிறது; பன்னூர் குட்டை ஆடு என்றால் கேட்கவே வேண்டாம்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கணவன் காயல்பட்டினத்து ஷாபி, மனைவி ஹனபி. ஓர் ஆடு போதுமா? கணவர் வழியில் வீட்டுக்கு ஒன்று போதும். மனைவியிடம் 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு உடைமை இருந்தால் அவருக்குத் தனியாக ஒன்று.

வீட்டு வாசலில் அறுக்கலாமா? 2001ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகள் நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தை மட்டுமே அனுமதிக்கின்றன. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தரும் விலக்கு அறுக்கும் முறைக்கு, இடத்துக்கல்ல என்பது அதிகாரிகள் வாதம். இருக்கும் கூடங்கள் பக்ரீத்தின் மூன்று நாளுக்குப் போதுமா என்று கூடம் இருக்கும் டேனரி ரோட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

யாரிடம் கேட்பது? 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகிவிட்டது. உங்கள் வார்டு எதில் என்று முதலில் பாருங்கள்.

ஒட்டகம்? நினைக்கவே வேண்டாம்.

தோலைக் கசாப்புக்காரருக்குக் கூலியாகக் கொடுக்கலாமா? கூடாது, கூலி தனிப் பணம். விலை விழுந்துவிட்டதால் மதரசாவில் வாங்குகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு இந்துக்களுக்குக் கறி கொடுக்கலாமா? ஹனபி வழியில் தாராளமாக.

ஆட்டுக்குப் பதில் பணத்தைத் தர்மம் செய்யலாமா? குர்பானி நாள் இருக்கும்வரை ஈடாகாது. மூன்றாம் நாள் மாலை கடந்துவிட்டால் ஹனபிக்கு அதுவே கடமை; ஷாபிக்கு இன்னும் ஒரு நாள் அவகாசம்.