அவர்களுக்கும் ஓட்டு உண்டு

சுயராஜ்யம் வேண்டுமென்று நாம் கேட்ட காலத்தில், அதற்குரிய யோக்கியதை உங்களுக்கு இன்னும் ஏற்படவில்லை என்பதே அன்னிய சர்க்கார் ஓயாமல் கூறிவந்த பதில். அவர்கள் இயற்றிய 1935-ம் வருஷத்துச் சட்டமும் சொத்து, வரி, படிப்பு முதலியவற்றை அளவுகோலாக வைத்தே ஓட்டுரிமை வழங்கியது. பாமர ஜனங்களுக்கு ராஜீய விவகாரம் விளங்காது என்பது அவ்வாதத்தின் சாரம். 1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 326-வது ஷரத்து அதைத் தள்ளிவிட்டு, வயதுவந்த பிரஜைகளுக்கெல்லாம் ஓட்டு என்று விதித்தது.

ஆனால் வெள்ளையர் நம்மைப் பார்த்துச் சொன்னதையே இன்று நாம் நம்மவரில் ஒரு சாராரைப் பார்த்துச் சொல்லி வருகிறோம். பிறவியிலோ இளம் பிராயத்திலோ அறிவு வளர்ச்சி தாமதப்பட்டவர்களைக் குறித்தே பேசுகிறோம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படியே இவர்கள் 15 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள். வாக்காளர் ஜாபிதா எடுக்க வருகிறவர் வீட்டிலுள்ளோர் பெயர்களைக் கேட்கும்பொழுது, அவனுக்கு எதற்கு என்று தகப்பனாரே சொல்லிவிடுவதுண்டு. வந்தவரும் தலையசைத்து அடுத்த வீட்டிற்குப் போகிறார். தெருத்தெருவாக ஓட்டுக் கணக்குப் போடும் கட்சி ஊழியர்களின் கண்ணிலும் இந்த ஒரு பெயர் மட்டும் படுவதில்லை!

சட்டம் கூறுவது என்ன? சித்த சுவாதீனமின்மையை ஒரு தடையாக 326-வது ஷரத்து குறிப்பிடுவது வாஸ்தவமே. எனினும் 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-வது பிரிவு, அதிகாரமுள்ள ஒரு கோர்ட்டு அவ்விதம் தீர்மானித்திருந்தாலன்றி எவர் பெயரையும் விலக்க இடங்கொடுக்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட் போதாது. உத்தியோகஸ்தரின் ஊகமும் போதாது. அண்டை வீட்டாரின் அபிப்பிராயத்திற்கு மதிப்பே இல்லை. அறிவு வளர்ச்சியில் தாமதம் வேறு, சித்தப் பிரமை வேறு. 2009-ல் சண்டிகர் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பேதத்தைத் தெளிவாக எடுத்துக் கூறிற்று. சர்க்கார் விடுதியில் பலாத்காரத்திற்கு உள்ளாகிக் கர்ப்பமுற்ற அனாதைப் பெண்ணொருத்தியின் கருவை, அவள் சம்மதமின்றியே கலைக்க ஹைகோர்ட்டு உத்தரவிட்டிருந்தது. குழந்தையைப் பெறவே அவள் விரும்பினாள். அவள் சம்மதத்தைப் புறக்கணிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவை ரத்து செய்தது. தன் தேகத்தைப் பற்றித் தீர்மானிக்க உரிமையுள்ளவளுக்குத் தன் தொகுதியின் பிரதிநிதியைத் தீர்மானிக்க மட்டும் உரிமையில்லையா?

ஓட்டை வேறு யாராவது பயன்படுத்திக் கொள்வார்களே என்று நண்பர்கள் ஆட்சேபிக்கலாம். அந்த அபாயம் இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். பெண்களுக்கு ஓட்டளிப்பது புருஷனுக்கு இரண்டு ஓட்டளிப்பதாகும் என்று ஒரு காலத்தில் இதே வாதம் கிளம்பியது. ஏமாற்றுகிறவனைத் தண்டிப்பது நியாயம். ஏமாறக்கூடியவனின் உரிமையைப் பறிப்பது எந்த நியாயம்? கண் தெரியாதவருக்கும் தேக பலவீனருக்கும் துணையாக ஒருவர் உள்ளே செல்லத் தேர்தல் விதிகள் ஏற்கெனவே அனுமதிக்கின்றன. அத்துணைவர் ரகசியம் காப்பதாக உறுதிமொழி எழுதித் தரவேண்டும். ஒரே நாளில் இரண்டாவது வாக்காளருக்குத் துணை போகவும் கூடாது. சற்று நிதானமும் விளக்கமும் தேவைப்படுகிறவருக்கும் இத்தகைய ஏற்பாட்டைத் தெளிவாக விஸ்தரிப்பதில் என்ன கஷ்டம்? தேர்தல் சம்பந்தமான விஷயங்கள் யாவும் ஊனமுற்றோருக்கு எளிதில் விளங்கும்படி இருக்கவேண்டுமென்று 2016-ம் வருஷத்து உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவு தேர்தல் கமிஷனைக் கட்டுப்படுத்துகிறது.

ஸ்பெயின் தேசத்தில் கோர்ட்டு உத்தரவுகளால் ஓட்டிழந்திருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 2018-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு தடையையே எடுத்துவிட்டது. 2019 தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ராஜ்யம் கவிழ்ந்து விடவில்லை.

நமது நாட்டிலோ சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாத ஒவ்வொருவரும் இன்றே வாக்காளராகலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதியை வைத்து வருஷத்தில் நான்கு தடவை வயது கணக்கிடப்படுகிறது. 18 வயது நிரம்பியவருக்கு 6-ம் நமூனா விண்ணப்பம் ஒன்றே போதும். எல்லாக் கட்சி ஊழியர்களும் தத்தம் வார்டு ஜாபிதாவை எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த அத்தகைய வீடுகளின் பெயர்களை முதலில் சரிபார்க்கட்டும். பெற்றோர் தயங்கினால் 16-வது பிரிவை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம். அது நாலைந்து வரிகள்தான்.