பாலைவனப் பனை லண்டன் குளிர்காலத்தில் ஏன் அழுகுகிறது?

கலிபோர்னியாப் பாலைவனத்து விசிறிப்பனை, பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி குளிரையும் தாங்கும். அதையே லண்டன் தோட்டத்தில் நட்டால், குளிர்காலம் முடிவதற்குள் குருத்து அழுகிவிடுவது உண்டு. என்ன ஆயிற்று?

தண்ணீர் அதற்குப் பகையா? இல்லை. பாலைவனத்திலும் அது ஊற்று இருக்கும் இடம் பார்த்துத்தான் வளர்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து வரும்போதுதான் வில்லங்கம்.

அடைமழைக் காலத்தில் கொடியில் கிடக்கும் துணியை நினைத்துப் பாருங்கள். வெயிலடித்தால் சட்டென்று காயும். நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். குருத்தின் இடுக்கில் தேங்கும் மழைநீரும் அப்படித்தான். வெதுவெதுப்பு இருந்தால் மரம் புதுக் குருத்தை வேகமாக வெளியே தள்ளித் தப்பிக்கும். குளிரில் மரத்தின் வளர்ச்சி நின்றுவிடுகிறது; பூஞ்சையோ நிற்பதில்லை. மாமரம் என்றால் பக்கத்தில் துளிர்க்கும். இந்தப் பனைக்கு உச்சியில் ஒரே குருத்து. அது போனால் மரமே போச்சு.

வேருக்கும் இதே கதை. சொதசொதத்த மண்ணில் காற்றுக்கு இடமில்லை.

அதனால் சரளை கலந்த மேட்டில், தெற்கு வெயில் விழும் சுவரோரம் நடுகிறார்கள். குளிர்காலத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை. பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இறுக்கிச் சுற்றி வைப்பது பாசம்தான், ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.