ஹார்டு டிஸ்க்குக்கு ஏன் நான்கு திருகு?

மணிமுத்தாறில் மையம் வைத்திருக்கும் ஏட்ரீ அமைப்பு, தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அந்தக் குளங்களில் கேமராவோடு பறவை பின்னால் அலைகிறவர்களுக்கு, படங்களை வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் எந்தக் காலத்திலும் போதாது. இரண்டாவதைக் கணினிக் கேபினட்டுக்குள் சும்மா கிடத்தி ஒயரை மாட்டினாலும் ஓடத்தான் செய்யும். பிறகு திருகு எதற்கு?

உள்ளே தட்டு பல டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது, நொடிக்கு 120. படிக்கும் முனை அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. முனையைத் தாங்கும் கை வெட்டி வெட்டித் திரும்பும்போது, எதிர்விசையில் டிஸ்க்கே அசையப் பார்க்கும். அசைந்தால் முனை தடத்தைத் தவறவிடும். அதே இடம் மறுபடி வர ஒரு முழுச் சுற்று, சுமார் 8.3 மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கின் முன் கத்தியே அதைத் தடுமாற வைத்துக் காட்டினார்!

டிஸ்க்கை அசையாமல் பிடிக்கத்தான் நான்கு திருகு. அந்தத் திருகிலும் கவனம் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்குக்குப் பெருமரைத் திருகு, 2.5 அங்குலத்துக்கு எம்3. மாற்றி முறுக்கினால் மரை போய்விடும். டிஸ்க்கில் இருக்கும் மூச்சுத்துளையை மறைக்கக் கூடாது. இரண்டு டிஸ்க்குக்கு நடுவே ஓர் அடுக்கைக் காலியாக விடுங்கள், நெல்லை வெயிலுக்குக் காற்றோட்டம் தேவை. எஸ்எஸ்டி-க்கு இந்தக் கவலை இல்லை. சுழலும் பாகமே கிடையாது, இரட்டைப் பக்க டேப் போதும்.