ஜாஸும் இயந்திரமும்: புதுமை எங்கே இருக்கிறது?

ஜாஸும் எலக்ட்ரானிக் இசையும் கைகோத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1969 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவினர் மூன்று நாட்கள் வாசித்துத் தள்ளினார்கள். தயாரிப்பாளர் டியோ மசேரோ அந்த ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும், சில பகுதிகளைத் திரும்ப வரச் செய்தும் ‘பிட்சஸ் புரூ’ ஆல்பத்தை உருவாக்கினார். 1970-ல் வெளியான அதன் முதல் உருப்படி ‘ஃபேரோஸ் டான்ஸ்’, சுமார் இருபது நிமிடம் ஓடும். அந்த வரிசையில் அதை யாரும் ஒருமுறைகூட வாசித்ததில்லை. மனோதர்மமே உயிர் என்றிருந்த ஜாஸில், கத்தரிக்கோலும் ஒரு வாத்தியமானது.

ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1972-ல் ‘கிராஸிங்ஸ்’ ஆல்பத்துக்கு சின்தசைசரைக் கொண்டுவந்தார். 1983-ல் ‘ராக்கிட்’டில் டிரம் மெஷினோடு இசைத்தட்டைத் தேய்த்து எழுப்பும் ஒலியையும் சேர்த்தார். இரண்டுமே அந்தந்தக் காலத்தில் துணிச்சலான காரியங்கள்.

சரிவு தொடங்கியது, பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை எடுத்து நடனத் தாளத்தில் பொருத்துவது எளிதான பிறகுதான். பிரெஞ்சு இசைக் கலைஞர் செயின்ட் ஜெர்மெயினின் ‘டூரிஸ்ட்’ (2000) நேர்த்தியான ஆல்பம் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பாணியில் பின்னால் வந்தவற்றில் பல, ஹோட்டல் வரவேற்பறைக்கான பின்னணி இசையாகத் தேய்ந்தன. காரணம் எளிது: சாக்ஸபோன் என்ன வாசித்தாலும், திரும்பத் திரும்பச் சுழலும் துணுக்கு (லூப்) தன்பாட்டுக்கு ஓடியது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் மாறுவதுதான் ஜாஸ். அது இல்லாதபோது மிஞ்சுவது ஜாஸின் வாசனை மட்டுமே.

சிகாகோவின் டிரம்மர் மகாயா மெக்ரேவன் இதற்கு நல்ல மாற்று காட்டினார். ஓராண்டு மேடைக் கச்சேரிகளில் பதிவான சுமார் 48 மணி நேர இசையிலிருந்து வெட்டித் தொகுத்ததுதான் அவருடைய ‘இன் தி மொமென்ட்’ (2015). மசேரோவின் வேலையை இங்கே வாசித்தவரே கணினியில் செய்கிறார்.

ஆனால், இந்த இணைப்பு இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு மிக வலுவான சான்று 2021-ல் வந்த ‘பிராமிசஸ்’. இங்கிலாந்தின் எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ், அப்போது எண்பது வயதான சாக்ஸபோன் மேதை ஃபேரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி இசைக்குழு ஆகியோர் சேர்ந்து தந்த ஒன்பது பகுதிகள். ஏழு ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு ஸ்வரக்கோவை ஏறக்குறைய ஆல்பம் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. சாண்டர்ஸ் அவசரமே இல்லாமல், அதன் இடைவெளிகளுக்குள் மூச்சுவிட்டு வாசிக்கிறார். நான்காம் பகுதியில் வாத்தியத்தை விட்டுவிட்டு வாயாலேயே முணுமுணுக்கிறார். ஆறாம் பகுதியில் வயலின் கூட்டம் பொங்கி எழுகிறது. சின்தசைசர் எந்த இடத்திலும் முந்திக்கொள்வதில்லை. இதில் புதிய கருவி ஒன்றுகூட இல்லை. இயந்திரம் மனிதரின் மூச்சுக்கு இடம் விட்டதுதான் புதுமை.

இந்த வகை இசையைப் பழகத் தொடங்குபவர்கள் ‘பிராமிசஸ்’ஸிலிருந்தே தொடங்கலாம், அதன் 46 நிமிடங்களையும் இடையில் நிறுத்தாமல் கேட்பது நல்லது.