மடிக்கணினியின் எடையும் ஆற்றலும்

மடிக்கணினி மாணவர் பையினுள் புத்தகத்தோடு புத்தகமாய்ப் புகுந்து பல்லாண்டுகளாயின. ஆயினும் விளையாட்டிற்கென்று ஆக்கப்பெறும் மடிக்கணினி ஏனையவற்றினின்றும் வேறாயது. அது மிக்க ஆற்றலுடையதாய் இருத்தல் வேண்டும். தோளிற் சுமந்து செல்லத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை. அப்பகை எங்ஙனம் விளைகின்றது என்பதையும், வாங்குவோன் கவனிக்க வேண்டியது யாது என்பதையும், எனக்கு நேர்ந்த ஓர் இக்கட்டைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட தொழிற்சாலைகளுள் ஒன்றில் என் தமக்கையார் பணி செய்கின்றார். பூட்டி முடித்த கணினிகளைச் சோதிக்கும் வரிசை அவருடைய இடம். சென்ற ஆண்டின் இறுதியில் அவர், தம் ஐந்து மாதச் சம்பளத்திற்குக் குறையாத தொகையைச் சேர்த்து என் கையிற் கொடுத்து, "உனக்கு வேண்டியதை நீயே பார்த்து வாங்கிக்கொள், தம்பி, இரண்டாம் முறை மட்டும் கேட்காதே" என்றார். எனக்கு வேண்டியது யாதெனில், விடுதியில் நண்பரோடு விளையாடவும், ஓலைச்சுவடிப் படங்களைத் திருத்தவும் ஏற்ற ஒரு கணினி. முன்னதே பெரிய காரணம் என்பதை மறைத்தற்கில்லை.

அப்பகுதி நெடுங்காலம் ஏரியும் வயலுமாய் இருந்தது. 2006-இல் நோக்கியா நிறுவனம் அங்கே கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. 2007-இல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணினித் தொழிற்சாலை திறந்தது. விளையாட்டுக் கணினிகளாற் பெயர்பெற்ற தைவான் நாட்டு எம்.எஸ்.ஐ. நிறுவனத்திற்காக மடிக்கணினி பூட்டும் வரிசையொன்று, 2025 ஜனவரியில், தாம்பரம் ஏற்றுமதி வளாகத்திலுள்ள சிர்மா ஆலையில் திறக்கப்பெற்றது. சில்லுகள் பெரும்பாலும் கடல் கடந்து வருவனவே. பூட்டுதலும் சோதித்தலும் நம்மவர் கைவேலை.

தூக்கிச் செல்லும் கணினிக்கும் தமிழ்நாட்டிற்கும் உள்ள உறவு இவ்வாலைகளினும் பழையது. விற்பனையில் வெற்றி கண்ட முதற் கையடக்கக் கணினி எனப் போற்றப்படும் 'ஆஸ்பர்ன் 1' என்பதனை 1981-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆதம் ஆஸ்பர்ன், இளமையைத் திருவண்ணாமலையிற் கழித்தவர். 2003-இற் கொடைக்கானலிற் காலமானார். அவர் செய்த கணினியின் எடை சுமார் 11 கிலோ. திரையோ ஐந்து அங்குலம். அதனைத் தூக்கியவர்களை எண்ணுங்கால், நாம் இரண்டு கிலோவிற்கு முகஞ்சுளிப்பது நாணத்தக்கதே. எனினும் சுளிக்கத்தான் செய்கின்றோம்.

இனி ஆற்றலைப் பற்றிச் சொல்வேன். விளையாட்டின் காட்சிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் சில்லு. கடைக்குச் செல்வோர் அச்சில்லின் பெயரையே கேட்கின்றனர். யானும் அங்ஙனமே கேட்டேன். தமக்கையார் நகைத்து, "பெயரைக் கேட்காதே, வாட்டைக் கேள்" என்றார். பொருள் பின்னரே விளங்கிற்று. என்விடியா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் மடிக்கணினிச் சில்லு 35 வாட் முதல் 115 வாட் வரை, கணினி செய்வோர் விதிக்கும் அளவிற்கேற்ப இயங்கும். பெயர் ஒன்றே, ஒட்டிய சீட்டும் ஒன்றே, ஆனால் 45 வாட்டில் நிறுத்தப்பட்டதும் 100 வாட்டில் ஓடுவதும் ஒரு வேலையை ஒரே விரைவிற் செய்யா. ஒரே பெயருடைய மாடு இரண்டிருப்பின் ஒன்றற்குப் பாதித் தீனியே இட்டு ஏர் பூட்டுவது போலாம் இது. இவ்வெண் பெட்டியின்மேற் பெரிதாய் அச்சிடப்படுவதன்று. நிறுவனத்தின் விவரத்தாளிற் சிற்றெழுத்திற் கிடக்கும்.

தீனியைக் குறைப்பது ஏன்? வெப்பமே காரணம். சில்லு உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாய் மாறுகின்றது. அதனை அகற்றச் சில்லின்மேல் செப்புக் குழாய்கள் படிந்துள்ளன. அவை வெறுங் குழாய்களல்ல. உள்ளே சிறிதளவு நீரிட்டு மூடப்பட்டவை. சூடான முனையில் நீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே விசிறியின் காற்றாற் குளிர்ந்து மீண்டும் நீராகி, குழாயின் உட்புறத்துத் திரிபோன்ற படலத்தின் வழியே திரும்பும். கணினி மெலிய மெலிய, விசிறியும் தகடுகளும் சிறுக்கும். வெப்பம் தேங்கிச் சுமார் 95 பாகையை எட்டுங்கால், சில்லு தன்னைக் காத்தற்பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் பறந்த விளையாட்டு அரைமணியில் தடுமாறுவது இதனாலேதான்.

இவ்விடத்து நம் நாட்டு வெயிலையும் எண்ணுதல் வேண்டும். வெப்பம் வெளியேறும் அளவு, சில்லிற்கும் சுற்றியுள்ள காற்றிற்கும் உள்ள பாகை வேறுபாட்டைப் பொறுத்தது. குளிரூட்டிய கடையில் காற்று 24 பாகை; வேறுபாடு 71. மே மாதத்தில் என் விடுதியறை 38 பாகை; வேறுபாடு 57. ஆகவே கடையிற் கண்ட ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விடுதியிற் கிடையாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் அறை குளிர்ந்திருந்தது, அவ்வளவே. தமக்கையார் ஆலையிற் கணினிகளை மணிக்கணக்காய் முழு வேகத்தில் ஓடவிட்டே தேறியதென்று முத்திரையிடுவராம். கடையில் அரைமணி நேரமேனும் ஓட்டிக் காட்டும்படி கேட்டேன். முதற்கடையில் மறுத்தனர், இரண்டாங் கடையில் இசைந்தனர்.

மின்கலத்தைப் பற்றி அதிகம் ஆசைப்பட வேண்டுவதில்லை. 75 வாட்-மணி கொள்ளும் மின்கலம் 100 வாட் வேலைக்கு முக்கால் மணி நேரமே தாங்கும். ஆதலின் விளையாடுங்கால் சுவரோடு பிணைந்தே இருத்தல் வேண்டும். சார்ஜரையும் உடன் சுமத்தல் வேண்டும். விளம்பரத்தில் 1.6 கிலோ என்று கண்டு மகிழ்வோர் அச்செங்கல்லை மறந்துவிடுகின்றனர். மெல்லிய கணினிகள் பலவற்றில் ராம் நினைவகம் பலகையோடே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூட்ட இயலாது. 16 ஜிபிக்குக் குறைவாய் வாங்குதல் ஆகாது.

இறுதியில் இரண்டு கணினிகள் எஞ்சின. விலை ஏறத்தாழ ஒன்றே, சில்லின் பெயரும் ஒன்றே. ஒன்று 16 அங்குலத் திரை, 115 வாட், சார்ஜரோடு 3.2 கிலோ. மற்றொன்று 14 அங்குலம், 90 வாட், சார்ஜரோடு 2.2 கிலோ. முடிவு காண ஒரு சோதனை செய்தேன். மளிகைக் கடைத் தராசில் என் அகராதிகளையும் இலக்கண உரைகளையும் நிறுத்து, 3.2 கிலோவைப் பையிலிட்டுச் சனிக்கிழமை மாலை தாம்பரத்திலிருந்து ஒரகடம் வழியாகத் தமக்கையார் தங்கும் வீட்டிற்குச் சென்றேன். ஆலை வேலை விடும் நேரமாதலின் படப்பை முதல் நின்றே செல்ல நேர்ந்தது. மறுவாரம் 2.2 கிலோ. ஒரு கிலோ சிறிதென்பார் அப்பேருந்தில் நின்றறியார்.

சிறியதையே வாங்கினேன். தமக்கையார் அதனைக் கையில் வாங்கி, முதலிற் கவிழ்த்து, அடிப்புறத்துக் காற்றுத் துளைகளை உற்றுநோக்கி, "திருகாணியெல்லாம் ஒழுங்காய் இருக்கின்றன" என்றார். பின்னரே திரையைத் திறந்தார்.