ஆட்டுக்கறியா, கோழியா, ஈரலா? சத்து எதில்? அது யார் தட்டில்?

ஞாயிற்றுக்கிழமை காலை சான்பாடா ஸ்டேஷன் பக்கம் போனால், ஆட்டுக்கறிக் கடைகளின் முன்னால் கூட்டம் நிற்கும். வாஷி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர், ரயில்வே கார் ஷெட் தொழிலாளி, தினமும் லோக்கல் ரயிலில் கோட்டைக்குப் போய்வரும் குமாஸ்தா எல்லோரும் கையில் பையோடு காத்திருப்பார்கள். அரைக் கிலோ ஆட்டுக்கறி. வாரம் முழுக்க சாம்பாரும் ரசமுமாக ஓட்டிய வீட்டுக்கு அதுதான் திருநாள். "உழைக்கிற உடம்பு, சத்து வேண்டாமா?" என்பார்கள்.

வேண்டியதுதான். ஆனால் கொடுக்கிற காசுக்கு ஏற்ற சத்து அந்தப் பையில் இருக்கிறதா? இருந்தாலும், வீட்டில் யாருக்கு அது மிகவும் தேவையோ, அவர் தட்டில் விழுகிறதா?

முதல் கேள்விக்கு விடை தேட வேறு நாட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலேயே அதற்கான வேலை தொடங்கிவிட்டது. 1918ல் மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் அங்கே "பெரிபெரி" நோயை ஆராய ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. நம் நாட்டில் உண்ணும் அரிசி, பருப்பு, கீரை, மீன், கறி எல்லாவற்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று அட்டவணை போட்டவர்கள் இவர்கள்தாம். டாக்டர் கோபாலன் முதலியோர் தயாரித்த 1971ஆம் ஆண்டுப் புத்தகம் நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிகளிலும் பாடம். 2017ல் 528 உணவுப் பொருள்களைப் புதிதாகச் சோதித்து இன்னொரு அட்டவணையும் வெளியிட்டார்கள்.

எண்கள் சொல்லும் கதை

பழைய அட்டவணைப்படி எலும்பு நீக்கிய 100 கிராம் வெள்ளாட்டுக் கறியில் புரதம் 21.4 கிராம், கொழுப்பு 3.6 கிராம். செம்மறி ஆட்டுக் கறியில் புரதம் 18.5 கிராம்தான், கொழுப்போ 13.3 கிராம். கடையில் இரண்டுக்கும் பெயர் மட்டன். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், "பக்ராவா, மேண்டாவா?" என்று கேட்டு வாங்குவது நல்லது. கோழிக்கறியில் புரதம் 25.9 கிராம். தோல் உரித்த கறியானால் கொழுப்பு ஒரு கிராமுக்கும் கீழே. இது அந்தக் காலத்துக் கோழியின் கணக்கு. இன்றைய பிராய்லரில் கொழுப்பு இதைவிடக் கூடுதல். அதிலும் தோலோடு சமைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆக, தசை வளர்க்கும் புரதத்தில் ஆட்டுக்குக் கோழி சளைத்ததல்ல. விலையிலோ ஒரு கிலோ ஆட்டுக்கறிக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய மூன்று கிலோ பிராய்லர் வாங்கிவிடலாம். "பிராய்லர் சூடு, ஊசி போட்ட கோழி" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வெறும் புரளி. நாற்பது நாளில் எடை கூடுவது இனக்கலப்பாலும் தீவனத்தாலும்தான். கிருமிக்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் தாராளமாகக் கலந்தது மட்டும் உண்மையான குறை. அதனால்தான் "கோலிஸ்டின்" என்ற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019ல் மத்திய அரசு தடை போட்டது.

முட்டையை யாரும் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ ஆட்டுக்கறியில் எலும்பு கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 375 கிராம். அதில் புரதம் சுமார் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு டஜன் முட்டை, அந்த அரைக் கிலோவுக்கு ஏறக்குறைய ஈடு! விலையைக் கடைக்காரரே சொல்வார்.

எருமைக்கறியில் புரதம் 19.4 கிராம், கொழுப்பு 0.9 கிராம். கொழுப்பு இவ்வளவு குறைந்த கறி அட்டவணையில் அதிகம் இல்லை. தாராவியிலும் கோவண்டியிலும் பல குடும்பங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும் கறி. மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளை, எருது வெட்டவும் தடை உள்ளது, பசுவுக்கு முன்பே இருந்தது, எருமைக்கு இல்லை. பன்றிக்கறியில் புரதம் 18.7 கிராம். அதில் "பி 1" வைட்டமின் மற்றக் கறிகளைவிட மிக அதிகம். குன்னூரில் தேடிய பெரிபெரி நோயே இந்த பி 1 குறைவால் வருவதுதான். ஆனால் பன்றிக்கறியை நன்றாக வேகவைக்காவிட்டால் நாடாப்புழு வயிற்றுக்குள் போய்விடும். எதை உண்பது, எதை விலக்குவது என்பது அவரவர் வீட்டு வழக்கம். அட்டவணைக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது.

கால் சூப்பு என்ன செய்யும்?

காய்ச்சலில் எழுந்தவருக்கும், கை கால் முறிந்தவருக்கும் நம் வீடுகளில் முதல் வைத்தியம் ஆட்டுக்கால் சூப்பு. மிளகும் சீரகமும் போட்டுச் சுடச்சுடக் குடித்தால் தொண்டைக்கு இதம், பசியும் எடுக்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சூப்பு ஆறியதும் பாகு போல உறைகிறதே, அது "ஜெலட்டின்". உடம்புக்கு அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்று அதில் அறவே இல்லை. பாரிஸ் நகரில் ஏழைகளுக்கு எலும்புச் சூப்பு கொடுத்தே காலம் தள்ளிவிடலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. மெஜந்தி என்ற விஞ்ஞானி தலைமையில் குழு போட்டுச் சோதித்தார்கள். ஜெலட்டின் மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்தன. 1841ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சூப்பில் அதிகம் இறங்குவதில்லை. நோயாளிக்குச் சூப்பு கொடுங்கள். கூடவே ஒரு முட்டையும் கொடுங்கள்.

ரத்தம் எங்கே ஊறும்?

இனிதான் முக்கியமான விஷயம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை என்று தெரிந்தது. மகாராஷ்டிரத்தில் 54 பேர், தமிழ்நாட்டில் 53 பேர். ரயில் ஏறி வந்ததால் நிலைமை மாறிவிடவில்லை. ஆண்களிலோ நூற்றுக்கு 25 பேருக்குத்தான். ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்தும், பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை என்று ஐதராபாத் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெண்ணுக்கு ஒன்றரை மடங்கு!

நம் வீட்டுச் சமையலறையில் நடப்பது என்ன? நல்ல துண்டுகள் உழைத்து வரும் ஆண்களுக்கு. அடுத்து பையன்களுக்கு. கடைசியில் சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறாள் வீட்டுக்காரி. "எனக்குக் குழம்பு போதும்" என்பாள். அவள் வாய் சொல்லும். அவள் ரத்தம் சொல்லாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அவள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதுதான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

இந்தப் பிரச்சினைக்கும் மும்பைக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. 1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் அன்றைய பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களில் பலர் கர்ப்ப காலத்தில் ரத்தம் குன்றி இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க வந்தவர் பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆராய்ந்தார்; குன்னூரில் மக்காரிசனின் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். நோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. குறை சாப்பாட்டில்தான் இருந்தது. ஈரலிலிருந்து எடுத்த சாறு குணப்படுத்தியது. ஆனால் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தபோது பலன் இல்லை! மலிவான ஈஸ்ட் பசை ஒன்றைக் கொடுத்தார். பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931ல் இதை அவர் உலகத்துக்கு அறிவித்தார். அந்தச் சத்துக்கு அப்போது பெயரில்லை. 1941ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நாலு டன் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து "ஃபோலிக் அமிலம்" என்று பெயர் வைத்தார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்தோடு சேர்த்து இலவசமாகத் தரும் மாத்திரையில் இருப்பது அதுதான். பரேலில் மில் பெண்களிடம் தொடங்கிய கதை என்று அதை விழுங்குகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, ஈரலுக்கு வருவோம். ஆட்டுக்கறி 100 கிராமில் இரும்புச்சத்து 2.5 மில்லிகிராம். ஆட்டு ஈரலில் 6.3 மில்லிகிராம். இரண்டரை மடங்கு! புரதத்திலும் குறைவில்லை: 19.3 கிராம். வைட்டமின் ஏ, பி 12, ஃபோலிக் அமிலம் எல்லாம் ஈரலில் குவிந்திருக்கின்றன. ஈரலைச் சாப்பிட வைத்தே ஒருவகை ரத்த சோகையைக் குணப்படுத்தலாம் என்று காட்டியதற்காக மூன்று அமெரிக்க டாக்டர்களுக்கு 1934ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கோழி ஈரல் இன்னும் மலிவு. இரும்பு அதிலும் நிறைய. மண்ணீரலை, அதாவது நம் ஊரில் "சுவரொட்டி" என்பதை, ரத்தம் குறைந்த பெண்ணுக்குச் சுட்டுக்கொடுப்பார்கள் பாட்டிமார். அவர்கள் எந்த அட்டவணையும் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. இங்குள்ள கடைகளில் ஈரல் "கலேஜி", சுவரொட்டி "தில்லி". இவ்வளவு சத்துள்ள பொருளைச் சிலர் "எங்களுக்கு வேண்டாம், கறி மட்டும் போடு" என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ளதைவிட எளிதில் ரத்தத்தில் சேரும். அதோடு, ஒரே சாப்பாட்டில் இரண்டையும் உண்டால், கீரையின் இரும்பையும் கூடுதலாக இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கறி நாளன்று முருங்கைக்கீரைப் பொரியல் வைப்பது நல்ல பொருத்தம்.

ஈரலில் சில எச்சரிக்கைகளும் உண்டு. வைட்டமின் ஏ அளவு மிகவும் அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஈரல் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு மாத்திரையே சரி. கொழுப்புச்சத்து (கொலஸ்டிரால்) கூடியவர்கள், மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வலிப்பவர்கள் ஒதுக்கிவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு வாரம் ஒருநாள், ஒரு கைப்பிடி போதும்.

கறியே வாங்க முடியாத மாதக் கடைசிக்கு மும்பையிலேயே வழி இருக்கிறது. கோளிப் பெண்கள் கூடையில் கொண்டுவரும் காய்ந்த பொம்பிலில் 100 கிராமுக்குப் புரதம் 61.7 கிராம்! தண்ணீர் வற்றியதால் இந்த அளவு. ஒரு வேளைக்கு நாம் சேர்ப்பதோ சிறு துண்டுகள். இருந்தாலும் கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால் நாலு பேருக்கு ஓடும். "ஜவ்லா" என்று விற்பது நம் ஊர்க் கூனிதான். உப்புப் போட்டுக் காய வைத்த கருவாடானால் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஈரலைச் சமைக்கத் தெரியாமல் கெடுப்பவர்களே அதிகம். வெகுநேரம் வதக்கினால் செருப்புத் தோல் போலாகிவிடும். சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலையோடு பத்து நிமிடம் வதக்கினால் போதும். உள்ளே சிவப்பு மட்டும் இருக்கக் கூடாது. இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் மற்ற உணவின் இரும்பும் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த உதவி பாழ். டீக்கு ஒரு மணி நேரம் பொறுக்கலாம். பரிமாறும்போது முதல் கரண்டி ஈரல் வயதுக்கு வந்த பெண்ணுக்கும், அவள் அம்மாவுக்கும் போகட்டும்.