பழைய லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி?

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் பல வீடுகளில் பரண் ஏறிவிட்டன. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் விண்டோஸ் முழுதாகத் திறந்திருக்காது. பெரும்பாலும் இந்த மந்தத்துக்குக் காரணம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். வேண்டிய தகவல், படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.5 மில்லி விநாடி ஆகும். முனை சரியான தடத்துக்கு நகர அதற்கு மேலும் நேரம் பிடிக்கும். அங்குமிங்கும் சிதறிய சிறு துண்டுகள் என்றால் விநாடிக்கு நூறு எடுப்பதே பெரும்பாடு. விண்டோஸ் திறக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான துண்டுகளை.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை. சிலிக்கான் சில்லில் உள்ள நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்துத் தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் அது. 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. சிறு துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரம் எடுத்துத் தரும்.

கடையில் பெட்டிமேல் விநாடிக்கு 3,500 எம்பி வேகம் என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது என்விஎம்இ வகை. பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது சாட்டா இணைப்பு. அதில் சாட்டா-3 என்றால் சுமார் 550 எம்பி, சாட்டா-2 என்றால் 300-க்கும் கீழேதான் கிடைக்கும். அதுவே தாராளம். சிறு துண்டுகளை உடனுக்குடன் எடுப்பதில்தான் உண்மையான லாபம். அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 பொருத்துமிடம் இருந்தாலும் அது சாட்டாவை மட்டும் ஏற்குமா என்று பாருங்கள். என்விஎம்இ அட்டை உள்ளே நுழைந்தாலும் அங்கே வேலை செய்யாமல் போகலாம்.

கர்நாடகக் காட்டோரக் கோபிநத்தம் போன்ற ஊரில் இருப்பவர் மேட்டூருக்கோ கொள்ளேகாலுக்கோ பஸ் ஏறித்தான் வாங்க வேண்டியிருக்கும். தப்பானதை வாங்கினால் இன்னொரு நடை. கிளம்புவதற்கு முன் பின்மூடியைக் கழற்றி, பழைய டிஸ்கின் அளவையும் இணைப்பையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 அங்குல எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மி.மீ. தடிமன். உங்கள் பழைய டிஸ்க் 9.5 மி.மீ. என்றால் இடைவெளிக்குப் பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும்.

பிறகு டிஎல்சியா, க்யூஎல்சியா என்று கேளுங்கள். ஓர் அறையில் முன்னதில் மூன்று பிட், பின்னதில் நான்கு. பிட் கூடக்கூட விலை குறையும். எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். விண்டோஸுக்கு டிஎல்சி நல்லது. 120 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், நிரம்பினால் வேகமும் விழும். ஆகவே 240 அல்லது 256 ஜிபி எடுங்கள். எவ்வளவு எழுதும்வரை வாரண்டி என்பதைக் காட்டும் டிபிடபிள்யூ எண்ணையும் ஒப்பிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். பயாஸ் அமைப்புகளில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்கட்டும். முடிந்தால் விண்டோஸைப் புதிதாகவே நிறுவுங்கள். ரேம் 2 ஜிபி என்றால் அதையும் 4 ஆக்கினால்தான் செலவு செய்ததற்குப் பலன் தெரியும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், இலகுவான லினக்ஸையும் யோசிக்கலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்கை எறியாதீர்கள். கெடாமல் இருந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல்தான் போகும். அதிலிருந்து தகவலை மீட்பதும் எளிதல்ல.